முடக்குவாதமுற்றவரைச் சுமந்து வருவோர்



பொட்டிபுரம் என்றதும் வெளியூர் மக்களுக்கு நினைவுக்கு வருவது நியூட்ரினோ. போடி மேற்கு மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் அமைக்கும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது. அந்த ஒப்புதலும் அதைத் தொடர்ந்த எதிர்ப்பும் இச்சிற்றூரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. இன்று நாம் சிந்திக்க விரும்புவது வேறோர் ஆய்வைப் பற்றி. அது மலைக்குள் நடப்பதன்று. மனிதரின் மண்டையோட்டுக்குள்ளும் முதுகெலும்புக்குள்ளும் நடப்பது. மூளை, தண்டுவட அறுவை மருத்துவமும், அதற்கு அடித்தளமான உடற்கூறு ஆய்வும்தான் அது. மருத்துவர்களின் விஷயத்தைப் பங்கு மக்கள் ஏன் சிந்திக்க வேண்டும் என்று கேட்கலாம். நம் மலைச்சரிவு வாழ்க்கையே அதற்குப் பதில் சொல்கிறது.

விடியற்காலையில் போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் புறப்படுகின்றன. போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் நாள்தோறும் ஏறி இறங்குகிறவர்கள் நம் தாய்மார்களும் சகோதரர்களும். ஏலச்செடிக்கு நிழல் தரும் மரங்களில் ஏறிக் கொப்பு வெட்டுகிறோம். மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறுகிறோம். அடிவாரத்தில் இலவங்காய் பறிக்க உயரமான மரங்களில் ஏறுகிறோம். ஒரு கணம் கால் இடறினால் போதும், உழைத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத் தலைவர் இடுப்புக்குக் கீழே உணர்வின்றிப் படுத்த படுக்கையாகிவிடுகிறார். இத்தகைய வீடுகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும்போதெல்லாம், ஒரு மனிதரின் முதுகெலும்போடு சேர்ந்து ஒரு குடும்பத்தின் வாழ்வும் முறிந்திருப்பதைக் காண்கிறோம்.

நால்வரும் படுக்கையும்

ஆண்டவர் இயேசு கப்பர்நாகூமில் போதித்தபோது, முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வந்தனர். கூட்டத்தின் காரணமாக உள்ளே நுழைய முடியவில்லை. கூரையைப் பிரித்து, அவரைப் படுக்கையோடு இயேசுவின் முன் இறக்கினார்கள் (மாற்கு 2:1-12). ஆண்டவர் முதலில் பார்த்தது அந்தச் சுமந்து வந்தவர்களின் நம்பிக்கையை என்று நற்செய்தியாளர் குறிப்பிடுகிறார். நோயாளி தாமாக வர இயலாதபோது, பிறருடைய தோள்களே அவரைக் குணமளிப்பவரிடம் கொண்டு சேர்க்கின்றன.

அந்த நால்வரிடம் நாம் கற்க வேண்டிய இன்னொரு பாடமும் உண்டு. அவர்கள் அவரைப் படுத்த நிலையிலேயே தூக்கி வந்தார்கள். இன்று நம் தோட்டங்களில் மரத்திலிருந்து ஒருவர் விழுந்தால், பதற்றத்தில் இருவர் கையையும் காலையும் பிடித்துத் தூக்குகிறோம். ஜீப்பில் உட்கார வைத்து, தலை தொங்கத் தொங்கக் கொண்டு செல்கிறோம். எலும்பு மட்டும் முறிந்து தண்டுவடம் தப்பியிருக்கும் ஒருவருக்கு, இந்தத் தூக்குதலே நிலையான முடக்கத்தைக் கொண்டுவந்துவிடலாம். மருத்துவர்கள் சொல்வது இதுதான்: உடனடி ஆபத்து இல்லாத இடமாக இருந்தால் அவரை அசைக்காதீர்கள். ஒருவர் இரு கைகளாலும் தலையையும் கழுத்தையும் நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். 108-ஐ அழையுங்கள். தூக்கியே ஆக வேண்டுமென்றால், தலை, முதுகு, இடுப்பு மூன்றும் ஒரே மரக்கட்டைபோல் ஒன்றாகப் புரளும்படி பலர் சேர்ந்து புரட்டி, ஒரு பலகையிலோ கழற்றிய கதவிலோ கிடத்துங்கள். மூச்சு நின்றிருந்தால் முதலில் மூச்சைக் காப்பாற்றுங்கள். இந்தச் சில வரிகளை நம் அன்பியக் கூட்டங்களில் ஒருமுறை படித்துக் காட்டினாலே சிலரின் கால்கள் காப்பாற்றப்படலாம்.

சுண்டுவிரல் பருமனில் ஒரு வாழ்வு

நம் முதுகு 33 முள்ளெலும்புகளால் ஆனது. அவற்றுள் கீழ்ப்பகுதியில் இருப்பவை வளர்ந்தவர்களில் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. இந்த எலும்புகளின் நடுவே ஓடும் குழாயில் தண்டுவடம் இருக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். பருமனோ நம் சுண்டுவிரல் அளவுதான். அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிகின்றன. மூளை இடும் கட்டளையும், கால் பெருவிரலில் குத்திய முள்ளின் வலியும் இந்த ஒரே வழியில்தான் போய்வருகின்றன. கழுத்தில் அடிபட்டால் கையும் காலும் செயலிழக்கலாம். கழுத்தின் மேற்பகுதியாக இருந்தால் மூச்சே நிற்கலாம். முதுகின் நடுவில் அடிபட்டால் கால்களும், சிறுநீர், மலம் கழிக்கும் கட்டுப்பாடும் போகலாம். மூளை சுமார் 1.3 கிலோ எடையுள்ளது. கெட்டித் தயிரைப்போல் மென்மையானது. தோலில் பட்ட காயம் ஆறுவதுபோல் மூளையிலும் தண்டுவடத்திலும் அறுந்த நரம்பிழைகள் மீண்டும் வளர்ந்து இணைவதில்லை. ஆகவே அங்கே கத்தி வைக்கும் மருத்துவர் தவறவே கூடாது.

முறிந்த முதுகெலும்பை நிலைநிறுத்த, திருகாணிகளும் உலோகக் கம்பிகளும் பொருத்துகிறார்கள். ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்புறமும் காம்புபோன்ற இரண்டு எலும்புத் துண்டுகள் உண்டு. அந்தக் காம்பின் வழியாகத்தான் திருகாணி செல்ல வேண்டும். நடுமுதுகில் பலருக்கு அதன் அகலம் 4 அல்லது 5 மில்லிமீட்டர் மட்டுமே. உட்பக்கம் சற்று விலகினால் தண்டுவடம். கீழே விலகினால் நரம்பு வேர். முன்பக்கம் தாண்டினால் பெரிய இரத்தக் குழாய். இந்த அளவுகளை முதலில் எழுதியவர்கள் மேலைநாட்டு உடல்களைப் பார்த்து எழுதினார்கள். 2000-க்குப் பின் நம் நாட்டு மருத்துவர்கள் இந்தியரின் முள்ளெலும்புகளை அளந்து ஆய்வு செய்தபோது, மேலைநாட்டு அளவுகளை அப்படியே நம் மக்களுக்குப் பொருத்தக் கூடாது என்பது தெளிவாயிற்று. அப்படியானால் நம் மருத்துவர்கள் யாரிடம் கற்க வேண்டும்? நம் உடல்களிடம்தான்.

படத்தைப் பார்த்தும் கணினியைப் பார்த்தும் கற்கக் கூடாதா என்று நாம் கேட்கலாம். அவையும் உதவுகின்றன. ஆயினும் கடவுள் இரு முகங்களை ஒன்றுபோல் படைக்காததுபோலவே, இரு மூளைகளின் இரத்தக் குழாய்களையும் ஒன்றுபோல் படைக்கவில்லை. மூளையின் அடியில் இரத்தக் குழாய்கள் ஒரு வளையமாக இணைவதை 1664-இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் விளக்கினார். பாடநூல் படத்தில் உள்ளபடி அந்த வளையம் எல்லாரிடமும் முழுமையாக இருப்பதில்லை. அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் பணியாற்றி 2016-இல் மறைந்த ஆல்பர்ட் ரோட்டன் என்ற அறுவை மருத்துவர், இறந்தோரின் தலைகளில் இரத்தக் குழாய்களுக்குள் சிவப்பும் நீலமுமாக வண்ணம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் பல ஆண்டுகள் பொறுமையாகப் பிரித்து ஆராய்ந்தார். உலகின் பல நாடுகளிலிருந்து மருத்துவர்கள் அவரிடம் வந்து கற்றுச் சென்றார்கள். ஆழத்தில் உள்ள கட்டியை எந்த வழியாகச் சென்றால் நரம்புக்குச் சேதமில்லாமல் எடுக்கலாம் என்று அறுவை மருத்துவர்கள் இன்று திட்டமிடுவதில், இறந்தோரிடம் நடந்த அந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

நம் மண்ணில் தொடங்கிய பணி

இந்தியாவில் மூளை, நரம்பு அறுவை மருத்துவத்துக்கென முதல் துறை 1949-இல் தமிழகத்தில்தான், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் மருத்துவர் ஜேக்கப் சாண்டி. கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற புகழ்பெற்ற மருத்துவரிடம் பயின்று திரும்பியவர் அவர். மறு ஆண்டு, 1950-இல், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் பா. இராமமூர்த்தி இத்துறையைத் தொடங்கினார். அதுவரை மூளையில் கட்டி என்றால் சாவு என்றிருந்த ஏழைகளுக்கு அரசு மருத்துவமனையிலேயே ஒரு கதவு திறந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 1995 முதல் மூளைத் திசு வங்கி இயங்கி வருகிறது. இறந்தோரின் மூளைகள் அங்கே ஆய்வுக்காகப் பாதுகாக்கப்படுகின்றன. சென்னை ஐஐடியில் 2022-இல் தொடங்கப்பட்ட மூளை மையத்தில், மனித மூளையை மிக மெல்லிய சீவல்களாக்கி, உயிரணு தெரியும் அளவுக்குப் படமெடுத்து வரைபடம் தயாரிக்கிறார்கள்.

அறுவை மருத்துவம் எல்லாரையும் எழுந்து நடக்க வைத்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேலூரில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு நடக்கும் ஆற்றலை இழந்தார். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார்; பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அத்துறையைத் தொடங்கினார். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கால் நடக்கவில்லை என்பதால் அழைத்தல் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இவர்கள் சான்று.

எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள்

இந்த அறிவெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நம் மனச்சான்று சற்றே கலங்கும். இங்கிலாந்தில் 1752-ஆம் ஆண்டுச் சட்டம், தூக்கிலிடப்பட்ட கொலையாளிகளின் உடல்களைக் கூறாய்வுக்கு ஒப்படைத்தது. 1832-இல் வந்த சட்டம், ஏழைகளின் விடுதிகளில் இறந்து, கேட்க ஆளில்லாதவர்களின் உடல்களைக் கல்லூரிகளுக்குத் திருப்பிவிட்டது. நம் நாட்டிலும் உரிமை கோர யாருமில்லாத உடல்களையே மருத்துவக் கல்லூரிகள் நெடுங்காலம் நம்பி வந்தன. சாலையோரத்தில் இறந்தவர், பேருந்து நிலையத்தில் சுருண்டு கிடந்தவர், பெற்ற பிள்ளைகள் தேடி வராதவர் ஆகியோரின் முதுகெலும்பைப் பார்த்துத்தான் நம் மருத்துவர்கள் கற்றார்கள். உயிரோடிருந்தபோது ஒரு மருத்துவரும் அவர்களைத் தொட்டுப் பார்த்திருக்கமாட்டார். இறந்த பின் அவர்கள் மருத்துவர்களின் ஆசிரியர்களானார்கள். ஆனால் அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

கப்பர்நாகூமில் படுக்கையைச் சுமந்தவர்கள் நால்வர். இன்று மலையிலிருந்து இறக்கப்படும் நம் சகோதரரைச் சுமப்போர் வரிசையில், பெயர் தெரியாத அந்த ஏழைகளும் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறார்கள். இந்த வரிசையில் மனமுவந்து நிற்க ஒருவர் முன்வந்தால் என்ன நடக்கிறது? அதுவரை எடுத்துக்கொள்ளப்பட்டது, அன்று முதல் கொடுக்கப்பட்டதாகிறது. தம் உயிரை யாரும் தம்மிடமிருந்து பறிப்பதில்லை, தாமே அதைக் கொடுப்பதாக ஆண்டவர் சொன்னது நமக்குத் தெரியும் (யோவான் 10:18). கொடைக்கும் பறிப்புக்கும் உள்ள வேறுபாடே நம் மறையின் மையம் அல்லவா?

திருச்சபை தடுக்கிறதா?

உடற்கூறாய்வைத் திருச்சபை தடை செய்தது என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். 1299-இல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் ஓர் ஆணை வெளியிட்டது உண்மை. ஆனால் அது, வெளிநாட்டில் இறந்தவர்களின் உடலை வெட்டி, வேகவைத்து, எலும்பை மட்டும் ஊருக்குக் கொண்டு செல்லும் வழக்கத்தைக் கண்டித்தது. மருத்துவக் கல்வியை அன்று. அதற்குப் பின் இருபது ஆண்டுகளுக்குள்ளேயே இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் மொந்தினோ என்ற ஆசிரியர் மாணவர் முன்னிலையில் மனித உடலைக் கூறாய்வு செய்தார்.

அருளாளர் நிக்கோலாஸ் ஸ்டேனோவை நம் மக்கள் அதிகம் அறிந்திருக்கமாட்டார்கள். 1638-இல் கோபன்ஹேகனில் லூத்தரன் குடும்பத்தில் பிறந்தவர். கன்னத்திலிருந்து வாய்க்கு உமிழ்நீர் கொண்டுவரும் குழாயைக் கண்டறிந்தவர். இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1665-இல் பாரிசில் மூளையைப் பற்றி உரையாற்ற வந்தபோது, மூளையைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்றே தொடங்கினார். பெரிய மெய்யியலாளர்கள் கற்பனையாக வரைந்த மூளையை ஒதுக்கிவிட்டு, உண்மையான மூளையில் நரம்பிழைகளின் பாதையைப் பின்தொடர்ந்து பார்க்கும்படி வேண்டினார். அவர் 1667-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார், 1675-இல் குரு, 1677-இல் ஆயர். ஏழைகளுக்குத் தம் உடைமைகளைக் கொடுத்து, எளிமையில் வாழ்ந்து 1686-இல் இறந்தார். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக அறிவித்தார். மனித மூளையைக் கையில் ஏந்தி ஆராய்ந்த ஒருவர் பீடத்தில் வணங்கப்படுகிறார் என்றால், திருச்சபை இந்த ஆய்வை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

போதனையும் தெளிவாகவே இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், இறந்தோரின் உடலை மதிப்போடும் அன்போடும் நடத்துமாறு கேட்கிறது (எண் 2300). அறிவியல் ஆய்வுக்காகக் கூறாய்வு செய்வது அறநெறிக்கு ஏற்றதே என்றும், இறந்தபின் உறுப்புகளை இலவசமாக அளிப்பது போற்றத்தக்கது என்றும் கூறுகிறது (எண் 2301). திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1956 மே மாதத்தில் ஆற்றிய உரையில், ஒருவர் தம் உடலை நல்ல நோக்கத்துக்காக எழுதி வைக்கலாம் என்று ஏற்றுக்கொண்டார். அதே வேளையில் குடும்பத்தாரின் உணர்வுகள் மதிக்கப்பட வேண்டும் என்றும், இதை ஒரு கடமையாகத் திணிக்கக் கூடாது என்றும் எச்சரித்தார். ஆகவே இது கட்டாயமன்று. எழுதிக் கொடுக்காதவர் குறைந்த கிறிஸ்தவரும் அல்லர். விலைக்கு விற்பதும், சம்மதமின்றி எடுப்பதும், ஆய்வுப் பொருளுக்காக எந்த மனித உயிரையும், கருவிலிருக்கும் குழந்தையின் உயிரையும்கூட, அழிப்பதும் ஒருநாளும் ஏற்புடையன அல்ல.

"எங்கே போய் மெழுகுவர்த்தி ஏற்றுவது?"

நம் பங்கு முதியவர் ஒருவர் கேட்டார்: "சாமி, என் உடம்பை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுக்கலாமா? பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். கல்லறைத் திருநாளுக்கு எங்கே போய் மெழுகுவர்த்தி ஏற்றுவது என்று அழுகிறார்கள்." பிள்ளைகளின் கண்ணீரை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, பூ வைத்துச் செபிப்பது நம் மக்களின் அன்பின் மொழி.

அவர்களுக்கு நாம் சொல்வது இது. உடலை ஒப்படைக்கும் முன் வீட்டிலோ ஆலயத்திலோ செபிக்கலாம். நேரம் இடம் கொடுத்தால் அடக்கத் திருப்பலியே நிறைவேற்றலாம். இல்லையேல் பின்னர் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். கல்வி முடிந்தபின் எஞ்சியவை மரியாதையோடு அடக்கம் செய்யப்படுமா, தகனம் செய்யப்படுமா, குடும்பத்தாரிடம் தருவார்களா என்று முன்கூட்டியே கல்லூரியில் கேட்டு எழுதி வாங்கலாம். தகனம் செய்தால் சாம்பலைப் புனித இடத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று 2016-இல் திருப்பீடம் அறிவுறுத்தியுள்ளது. அதை நம் கல்லறைத் தோட்டத்தில் வைக்கலாம். எதுவும் கிடைக்காவிட்டாலும், தோட்டத்தின் நடுச் சிலுவையின் அடியில் அவருக்காக ஒரு திரி எரியட்டும். உடலின் உயிர்ப்பை நாம் நம்புவது, எலும்புகள் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்கின்றன என்பதற்காக அன்று. கடலில் மூழ்கியவரையும் தீயில் எரிந்தவரையும் எழுப்ப வல்லவர், பாடசாலையில் கிடந்தவரையும் எழுப்புவார். மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியின் உவமை இதற்கே பொருந்தும் (யோவான் 12:24).

விரும்புவோர் அறிய வேண்டியவை சில. நம் மாவட்டத்தில் க. விலக்கில் 2004 முதல் அரசு தேனி மருத்துவக் கல்லூரி செயல்படுகிறது. இத்தகைய கல்லூரிகளின் உடற்கூறியல் துறையை அணுகி, சாட்சிகளோடு விருப்பக் கடிதம் கொடுக்கலாம். கடிதம் இருந்தாலும், இறந்தபின் நெருங்கிய உறவினரின் இசைவு வேண்டும். எனவே இன்றே பிள்ளைகளோடு பேசுங்கள். மருத்துவரின் இறப்புச் சான்று தேவை. பிரேதப் பரிசோதனை செய்யப்பட்ட உடலையும், சில தொற்றுநோய்கள் உள்ள உடலையும் பொதுவாக ஏற்பதில்லை. கண்களை ஆறு மணி நேரத்துக்குள் தனியே தானம் செய்யலாம்.

உறுப்புக் கொடை வேறு, உடற்கொடை வேறு என்பதையும் மறக்க வேண்டாம். விபத்தில் தலையில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளை, 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மருத்துவர் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதி செய்த பின்னரே, குடும்பத்தாரின் சம்மதத்தோடு எடுக்கலாம். மூளை முழுவதும் மீளா வகையில் செயலிழந்தது என்பதைக் கண்டிப்பான முறையில் உறுதி செய்தால், அதை இறப்பின் அடையாளமாக ஏற்கலாம் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000 ஆகஸ்டில் கற்பித்தார். உறுப்புக் கொடையாளருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடைபெறும் என்று தமிழக அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது.

வருகிற நவம்பர் 2 அன்று நம் உறவினரின் கல்லறைகளில் செபித்து முடித்ததும், இன்னும் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றுவோம். நம் மருத்துவர்களுக்குத் தங்கள் உடலால் பாடம் கற்பித்து, பெயரும் கல்லறையும் இன்றி மறைந்த ஏழைகளுக்காக அது எரியட்டும். நம்முள் பலர் இன்று நிமிர்ந்து நடப்பது அவர்களால்.

முடக்குவாதமுற்றவரை எழுந்து நடக்கச் செய்த ஆண்டவர், படுக்கையில் வாடும் நம் சகோதர சகோதரிகளுக்கு ஆறுதலும், அறுவை மருத்துவர்களின் கைகளுக்கு உறுதியும், மறைந்த அந்த ஆசிரியர்களுக்கு முடிவில்லா இளைப்பாற்றியும் அருள்வாராக. ஆமென்.